பாடம் நடத்த ஒரு கண்

இதை முதலில் என்னிடம் சொன்னது ரிஸ்வானா, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த நேரம். என் மகள் ஜெனிட்டாவோடு விடுதியில் ஒரே அறையில் இருக்கிற பிள்ளை அது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொல்லும்மா என்றேன், ஏதோ கருவாடு கொடுத்துவிடச் சொல்லப்போகிறது என்றுதான் நினைத்தேன், அதற்கு நம் வீட்டு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர். "ஆன்ட்டி, ஜெனி உங்ககிட்ட சொல்லமாட்டா, அதான் நான் சொல்லுதேன். அவளை கிளினிக்குக்குள்ள விடமாட்டேங்காங்க. பரீட்சைக்கும் விடமாட்டாங்களாம். எச்.ஓ.டி. சாரை எதுத்துப் பேசிட்டா." என் மகளா. எதிர்த்தா. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே சாரி சொல்கிற பிள்ளை. என்னம்மா பேசினா என்றேன். "என் கண்ணை வேணும்னா கழட்டி மேசையில வச்சிட்டுப் போறேன் சார், எல்லாரும் பாத்து முடிச்சதும் சொல்லுங்க, வந்து வாங்கிக்கிடுதேன், அப்படின்னுட்டா ஆன்ட்டி. அத்தனை பேரு முன்னாடியும். கோட்டைக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு வெளிய போயிட்டா." மீன் கையிலிருந்து வழுக்கிச் சட்டிக்குள் விழுந்தது. ஏன் அப்படிச் சொன்னா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை மெதுவாக, முதல் வருஷத்திலிருந்து நடப்பதை எல்லாம் சொன்னது, நான் செதில் காய்ந்த கையோடு நின்றேன், அடுப்பில் வைத்த புளித் தண்ணீர் வற்றி அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. அந்த வாடை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது, இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், பினாயில் போட்டுத் துடைத்துத் துடைத்து வெளுத்துப்போன இந்தத் தரையில்கூட.

இன்றைக்கு வியாழக்கிழமை, செபமாலையில் ஒளியின் மறைபொருள் சொல்லவேண்டிய நாள். ஒளியாம். கண்ணாஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு ஒளியைத் தியானிக்கவேண்டுமாம். மூன்றாவது மணியிலேயே நிற்கிறேன் மாதாவே, விரல் நகரமாட்டேன் என்கிறது, உதடு உன் பெயரைச் சொல்லுகிறது, உள்ளே வேறொரு வாய் வேறொன்றைச் சொல்லுகிறது. நீயே பேஷண்ட்தானம்மா. நீயே பேஷண்ட்தானம்மா. அந்த மனுஷன் சொன்ன சொல். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், திரவியம் சார், ஜெனிட்டா படிக்கிற துறைக்குத் தலைவர், கதவில் பெயர்ப்பலகை பளபளவென்று இருக்கிறது. ஆப்டோமெட்ரி என்று சொல்லுகிற படிப்பு, கண் டாக்டருக்குப் படிப்பதில்லை, டாக்டருக்கு முந்தி நம் கண்ணைச் சோதித்து எந்தக் கண்ணாடி போடவேண்டும், உள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கான படிப்பு, என் மகள் மூன்றாவது வருஷம். கொஞ்ச நேரம் உட்காருங்கம்மா, சார் ரவுண்ட்ஸ் போயிருக்காங்க, வந்ததும் கூப்பிடுவாங்க என்று வாசலில் இருக்கிற ஆள் பெஞ்சைக் காட்டினார். சார் ரவுண்ட்ஸ் முடித்து என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார், வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார், யார் என்று தெரியாமலே. இந்தப் பெஞ்சில் என்னைத் தவிர எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள், கண்பாப்பாவைப் பெரிதாக்குகிற சொட்டு மருந்து போட்டு வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள், தூங்குகிற கோழிகள் மாதிரி. வெள்ளைக்கோட்டுப் பிள்ளைகள் டார்ச்சோடு வந்து வந்து பார்க்கிறார்கள். "அம்மா, கொஞ்சம் அண்ணாந்து பாருங்க, இன்னொரு சொட்டு விடலாமா? லேசா எரியும், சரியா?" எவ்வளவு பதமாகக் கேட்கிறார்கள். விடலாமா என்று கேட்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற அக்கா, வள்ளியூர்ப் பக்கமாம், மூடிய கண்ணோடேயே என் மூக்குறிஞ்சலைக் கேட்டுவிட்டு, "ரொம்ப எரியுதோ? எனக்கும் மொத சொட்டுக்கு உசிரு போயிட்டு" என்றாள். ஆமா, எரியுது என்றேன். "எப்ப போட்டாவ?" செவ்வாய்க்கிழமை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இப்பத்தான் என்றேன். கண்ணைத் தொறந்துராதிய, மருந்து வெளிய வந்துரும் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு அவள் மறுபடி கோழித்தூக்கத்துக்குப் போய்விட்டாள்.

ஜெனிட்டா பிறந்தபோதும் டார்ச்தான். பெரியாஸ்பத்திரியில், பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் போடுவதற்கு முன்னாலேயே அந்த நர்ஸ் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏ ஸ்டெல்லா, இங்க வாயேன், இந்தப் பிள்ளை கண்ணைப் பாரு" என்று கூப்பிட்டாள், ஸ்டெல்லா இன்னொருத்தியைக் கூப்பிட்டாள், நான் தையல் போட்ட வலியோடு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன், என் பிள்ளையைச் சுற்றி முதுகுகள்தான் தெரிகின்றன. நம் கண்ணில் கருப்பு பாப்பா வட்டமாக இருக்கும் இல்லையா, அவளுக்கு இரண்டு கண்ணிலும் அந்த வட்டம் கீழே வழிந்து இறங்கியிருக்கும், பூட்டில் சாவி போடுகிற துளை மாதிரி. வயிற்றில் இருக்கும்போதே கண் மூடவேண்டிய இடம் முழுசாக மூடாமல் போனதாம். கொலோபோமா என்று அதற்கு ஒரு பெயர், எனக்கு இன்றைக்கும் அது வாயில் ஒழுங்காக வராது. பார்வை இருக்கிறது, கண்ணாடி போட்டால் நன்றாகவே படிப்பாள், வெயில்தான் ஆகாது, வெளிச்சம் ஊசியாகக் குத்தும். கடற்கரைத் தெருவில் வெளிச்சத்துக்குப் பஞ்சமா. கோயிலில் சாமியார் கொடுக்கிற நன்மை அப்பத்துக்கு வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது அவள் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, பாருங்களேன், பூனைக்கண்ணு மாதிரி என்பார்கள், அந்தப் பிள்ளை திருப்பிய பக்கம் திரும்பி நிற்கும், புதுச்சேலை கட்டின பொம்மை மாதிரி. அப்படி இருந்தவள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக் கண் முகாமுக்குப் போய்விட்டு ஓடி வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, ஒரு அக்கா என் கண்ணைப் பாத்தா. பாத்துட்டு யாரையும் கூப்பிடலம்மா." அவ்வளவுதான் சொன்னாள். பாத்துட்டு யாரையும் கூப்பிடல. வெயில் கூசுதா என்று கேட்டாளாம், கருப்புக் கண்ணாடி எழுதிக் கொடுத்தாளாம், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாளாம். அந்த அக்கா என்ன படிச்சிருக்காளோ அதைத்தான் நானும் படிப்பேன் என்று அன்றைக்குப் பிடித்த பிடி. தமிழில் படித்த பிள்ளை, இங்கிலீஷில் எல்லாம் படிக்கவேண்டுமே என்று அவள் அண்ணன் ரொமால்டு சொன்னதற்கு மூன்று நாள் அவனோடு பேசவில்லை. சேர்ந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள் வீட்டில் எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பழகினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நிற்பாள். "வணக்கம். என் பேரு ஜெனிட்டா. நான் இங்க படிக்கிற மாணவி. உங்க கண்ணைச் சோதிச்சுப் பாக்கலாமா?" ரொமால்டு காலை ஆட்டிக்கொண்டு, "பாக்கக் கூடாது. என்ன செய்வ?" என்றான். "கூடாதுன்னா விட்டுரணும்ல. அதான் எங்களுக்கு ரூல்ஸ். பேஷண்டு வேண்டாம்னா வேண்டாம்தான், காரணங்கூட கேக்கக் கூடாது." "அப்பம் என் கண்ணு பெரிய ஆளுல" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர்களுக்கு ஒழுக்கம் என்று ஒரு பாடமே இருக்கிறதாம், நகம் வெட்டவேண்டும், நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், நோயாளியைப் பற்றி வெளியே பேசக்கூடாது, அவர் முன்னால் சிரிக்கக்கூடாது. எவ்வளவு நல்ல பாடம் என்று நான் பூசை முடிந்து வரும்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டபோது, எச்.ஓ.டி. திரவியம் சார் என்றாள், கண்ணெல்லாம் மலர்ந்து. மலர்ந்து என்று சொல்லக்கூட இப்போது நாக்கு கூசுகிறது.

அந்த முதல் வருஷத்தில்தான் அவர் கண்டுபிடித்திருக்கிறார். பிள்ளைகள் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துப் பழகுவார்களாம், நாடியை வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்க்கிற மெஷினில் இவள் முறை வந்தபோது, பார்த்த பெண் பயந்து சாரைக் கூப்பிட்டிருக்கிறாள், சார் பார்த்தார், பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாராம் மாதாவே, கையைத் தட்டினார். "எல்லாரும் வாங்க. புத்தகத்துல படமாத்தான் பாத்திருப்பீங்க, நமக்கு உயிரோட கிடைச்சிருக்கு." கெட்ட மனுஷன் இல்லை என்று ரிஸ்வானாவே சொன்னாள், கைபடக்கூடாத இடத்தில் படுகிறவர் இல்லை, நம்ம ஜெனி நம்ம ஜெனி என்றுதான் சொல்லுவார், அவருடைய மகள் சடங்குக்குக்கூட இவளுக்கென்று தனியாக லட்டு வந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. லட்டு. ஒவ்வொரு புது வகுப்புக்கும் ஜெனி, வெளியூரிலிருந்து டாக்டர்கள் வந்தால் ஜெனி, சீனியர் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் ஜெனி, காலையில் வந்து சொட்டு விட்டுக்கொண்டு இருட்டறையில் உட்காரவேண்டும், ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அந்த வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சுவார்கள், நமக்கே அது தாங்காது, அவளுக்கு அந்தத் துளை வழியாக எவ்வளவு போகும். பாப்பா விரிந்த கண்ணில் மத்தியானம் முழுக்க எழுத்து தெரியாது, கிட்டத்தில் வைத்தால் கொசகொசவென்று எறும்பு மொய்த்த மாதிரி இருக்குமாம். மத்தியானம்தான் டெஸ்ட். அப்படித்தான் ஆப்டிக்ஸ் என்கிற ஒளிக் கணக்குப் பாடம் போயிற்று, ஒருமுறை இல்லை இரண்டு முறை. பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்று சாயங்காலம் தனி வகுப்பு வைத்தார்களாம், ரொம்ப அக்கறையான காலேஜ், யாரையும் விட்டுவிடமாட்டோம் என்று சேர்க்கும்போது எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்கள், நானும் கை தட்டினேன். அந்தத் தனி வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள், விரிந்த கண்ணோடு, கணக்கைப் போடச் சொன்னால் தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்திருக்கிறாள், தமிழ் மீடியம் பிள்ளை, புரியல போல, ஆர்வமும் இல்ல என்று அந்த டீச்சர் சொல்லிவிட்டாளாம். பிள்ளையின் கண்ணை இவர்களே மூடிவிட்டு, ஏன் படிக்கமாட்டேன் என்கிறாய் என்று இவர்களே கேட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா. இத்தனை பேர் படித்தவர்கள், கண்ணுக்குள்ளே நரம்பு எப்படி ஓடுகிறது என்று எண்ணிச் சொல்லுகிறவர்கள், காலையில் மருந்து விட்ட கண் மத்தியானம் வாசிக்காது என்று இவர்களுக்கு நான் சொல்லவேண்டுமா. பேஷண்டுக்கு என்றால் சொல்லுகிறார்களே, இதோ என் எதிரில் சொல்லுகிறார்களே, "இன்னைக்குப் பூரா படிக்க வேண்டாம்மா, வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஆளு வந்திருக்காங்களா?" வள்ளியூர் அக்காவுக்குத் துணை கேட்கிறார்கள். என் பிள்ளை தட்டுத் தடுமாறித் தனியாக விடுதிக்குப் போயிருக்கிறாள், முந்தானையால் முகத்தை மூட அவளிடம் முந்தானைகூட இல்லை, அந்த வெள்ளைக்கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போவாளாம், திருநெல்வேலி வெயிலில். கோட்டைக் குடையாக்குறா பாருங்க என்று பையன்கள் சிரிப்பார்களாம். நாலாவது மணி. எங்கே விட்டேன். முதலிலிருந்து சொல்லுகிறேன் மாதாவே, பொறுத்துக்கொள்.

அவரே போன் பண்ணினார், நேற்று. குரலில் ஒரு கோபம் இல்லை. "அம்மா, உங்க பொண்ணு நல்ல பொண்ணு, எனக்கு மக மாதிரி. ஆனா இந்தத் தொழிலுக்குன்னு ஒரு ஒழுக்கம் இருக்கு. பேஷண்டை நாற்காலியில வச்சிட்டு, அந்த ட்ரயல் ஃப்ரேமை மூக்குல மாட்டினபடி விட்டுட்டுப் போறது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?" தெரியும் சார் என்றேன். தெரியும்தான். அதில் எனக்கு வாதம் இல்லை. ஒரு தாத்தா, ஏரலில் வெற்றிலைக்கொடி போட்டிருக்கிறவராம், அவள் தனியாகப் பார்க்கக் கிடைத்த முதல் ஆள். மாட்டி மாட்டிக் கண்ணாடியைத் தேடுகிற அந்த இரும்பு ஃப்ரேமை அவர் மூக்கில் வைத்து ஒவ்வொரு சில்லாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், இதுவா தெளிவா இருக்கு, இதுவா என்று கேட்டபடி. அந்த நேரத்தில் வேறே காலேஜ் பிள்ளைகள் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு சார் உள்ளே வந்தார். "ஜெனி, விட்டுட்டு வா, சொட்டு போட்டுக்க, இவங்க மூணு மணி டிரெயினைப் பிடிக்கணும்." "சார், பேஷண்ட் பாத்துக்கிட்டு இருக்கேன்." "நீயே பேஷண்ட்தானம்மா." எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வந்த பிள்ளைகள், கூடப் படிக்கிற பிள்ளைகள், ரிஸ்வானாவும் சிரித்தாளாம், சிரிப்பு வந்துட்டு ஆன்ட்டி, நான் என்ன செய்ய என்று அழுதாள். ஃப்ரேம் மாட்டின தாத்தாவும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சிரித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது, கோட்டைக் கழற்றினது, நடந்தது. தாத்தா அப்படியே உட்கார்ந்திருந்தாராம், மூக்கில் அந்தப் பாரத்தோடு, ஒரு கண்ணை மறைத்தபடி, யம்மா பெரிசா தெரியுது, சின்னதா தெரியுது என்று காலி நாற்காலியிடம் சொல்லிக்கொண்டு. அவருக்கு நியாயம் செய்யவேண்டும். அந்த மனுஷன் வெயிலில் பஸ் ஏறி வந்திருப்பார். அவர் காலில் விழக்கூட நான் தயார். ஆனால் சார் அவரைப் பற்றியா பேசுகிறார், அவரை ஒரு சாக்கு மாதிரித் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு தன் மானத்தைப் பற்றி அல்லவா பேசுகிறார். "நீங்க வந்து அவளையும் கூட்டிக்கிட்டு என் ரூமுக்கு வாங்க, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது, பரீட்சை எழுதட்டும். வெள்ளிக்கிழமை சீனியர்ஸுக்கு பிராக்டிகல் இருக்கு, வெளியிலருந்து எக்ஸாமினர் வாராங்க, வழக்கம் போல வந்து உக்காரட்டும், நானும் எல்லாத்தையும் மறந்துருதேன்." வழக்கம் போல. நான் சரிங்க சார் என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் நான் எழுந்து நின்றுகொண்டு பேசியிருக்கிறேன், என் வீட்டுக்குள்ளேயே, அவர் எதிரில் இருப்பது மாதிரி.

அதோ வருகிறாள். கோட்டு இல்லாமல் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது, உரித்த மாதிரி. கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், மெலிந்திருக்கிறாள், தோள் எலும்பு என் கையில் இடிக்கிறது. சாப்பிட்டியாட்டி. சாப்பிட்டேன். என்ன சாப்பிட்ட. "அம்மா, ஒரு சாரிதானம்மா. சொல்லிட்டுப் போயிருவோம்." நான் தாத்தாவுக்குச் சொல்லலாம் என்றேன். "அவரு வந்துட்டுப் போயிட்டாரும்மா, ரிஸ்வானாதான் மீதியைப் பாத்தா. கண்ணாடி வாங்க மறுபடி வருவாரு. அவருகிட்ட நான் கேட்டுக்கிடுவேன். இவருகிட்ட நீ பேசாத, நீ சும்மா தலையை மட்டும் ஆட்டு, நானே சொல்லிருதேன்." நாளைக்கு உட்காருவியா. கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள், துடைக்க ஒன்றுமில்லை அதில். "உக்காந்துட்டா பரீட்சைக்கு விட்டுருவாரு." உனக்குப் பரீட்சை எப்பட்டி. "நாளைக்கு மத்தியானம்." என்ன பரீட்சை. "ஆப்டிக்ஸ்தான்." நான் அவள் முகத்தையே பார்த்தேன். "தாளைக் கொஞ்சம் தூரமா வச்சா தெரியும்மா. கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சிருவேன். போன தடவை மாதிரி இல்ல, இப்ப எனக்குக் கணக்கெல்லாம் தெரியும். கேள்வி மட்டும் தெரிஞ்சாப் போதும்." கேள்வி மட்டும் தெரிஞ்சாப் போதும் என்கிறாள் என் மகள். ஏட்டி, இதை நீ ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல. தோளைக் குலுக்கினாள். "நீ செபம் பண்ணுவ, அழுவ. வேற என்ன செய்வ?" குத்திக் காட்டிச் சொல்லவில்லை, அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை பெய்தால் கொடியில் துணி நனையும் என்கிற மாதிரி. வள்ளியூர் அக்கா மூடின கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், "பிள்ளை நல்லா பேசுதே, எந்த ஊரு" என்றாள். ஜெனிட்டா உடனே எழுந்துபோய் அவள் முன்னால் குனிந்து, "அக்கா, தொறக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான், தண்ணி வேணுமா?" என்றாள். கோட்டு இல்லாமல். உள்ளே விடமாட்டோம் என்று இவர்கள் சொன்ன பிறகும்.

வேற என்ன செய்வ. அவள் சொன்னது சரிதான், எனக்கு வேறு என்ன தெரியும், எட்டாவதோடு நின்றவள், எந்த ஆபீஸிலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சரிங்க சார் சொல்லித்தான் பழக்கம். பயமாகத்தான் இருக்கிறது. நான் ஏதாவது சொல்லி அவர் முகம் மாறிவிட்டால், மூன்று வருஷம், அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் இங்கிலீஷ் சொல்லைத் தமிழில் எழுதி எழுதி மனப்பாடம் பண்ணின மூன்று வருஷம், ஒரு பேச்சில் போய்விடும். ரொமால்டு வந்திருந்தால் சத்தம் போட்டிருப்பான், கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற இடத்துச் சத்தம், அது இங்கே எடுபடாது. அவனை வரவேண்டாம் என்றதும் நான்தான். ஆனால் தலையாட்டிவிட்டு வெளியே வந்தால் நாளைக்குக் காலையில் அந்த இருட்டறையில் வெளியூர் எக்ஸாமினர் டார்ச்சை எடுப்பார், நான் அந்த நேரம் கோயிலில் முட்டி போட்டிருப்பேன், அந்த முட்டிக்கு என்ன அர்த்தம். நீ சொல்லு. உன் பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் கூடினபோது நீ சிலுவையடியில் நின்றாய், ஓடவில்லை, அதை நான் ஆயிரம் தடவை தியானித்திருக்கிறேன், நின்றதைத்தான் தியானித்தேன், உனக்கு அப்போது உள்ளே எவ்வளவு கொதித்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கொதித்துத்தான் இருக்கும். எங்கள் கோயில் சுரூபத்தில் உன் முகத்தைச் சாந்தமாகச் செய்து வைத்துவிட்டார்கள். செபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டேன், பாதியில் நிறுத்தியதற்குக் கோபித்துக்கொள்ளாதே, இப்போது எனக்கு இரண்டு கையும் வேண்டும். என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ரொம்ப இல்லை. தாத்தாவிடம் நாங்கள் கேட்போம் சார், அவர் வருகிற நாளில் நானும் வருவேன். உங்களிடம் கேட்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. நாளைக்குக் காலையில் அவள் உட்காரமாட்டாள், மத்தியானம் பரீட்சை எழுதுவாள். இனிமேலும் அவளாக மனசோடு சரி என்றால்தான், இல்லையென்றால் இல்லை, காரணம் கேட்கக்கூடாது. அவ்வளவுதான். இது மேலே போகவேண்டுமென்றால் மேலே இருக்கிறவர் அறை எந்தப் பக்கம் என்று காட்டுங்கள், அந்தப் பெஞ்சிலும் உட்காருகிறேன். வாசல் ஆள் கதவைத் திறந்து, ஜெனிட்டா அம்மா யாரு, வாங்க என்கிறார். ஜெனிட்டா என் கையைப் பிடித்து, "நீ பேசாத என்ன" என்கிறாள் காதுக்குள். கையை விடாமலே உள்ளே போகிறேன். பெரிய அறை, மேசை முழுக்கக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார், சுவரில் மனுஷத் தலை அளவுக்குப் பிளந்து வைத்த கண் ஒன்று, பழைய மின்விசிறி தலைக்கு மேல் கடகடவென்று சுற்றுகிறது. வாங்கம்மா, உக்காருங்க, சொல்லுங்க என்கிறார் சிரித்த முகமாக, ஜெனிட்டா வாயைத் திறக்கிறாள், நான் அவள் விரலை அழுத்துகிறேன், என் தொண்டையிலிருந்து முதலில் காற்றுதான் வருகிறது, அவர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, என்னம்மா, கேக்கல என்கிறார்.

"சார், அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க. எனக்குச் சத்தமா பேச வராது."